யோசேப்பின் கதை: வாலிபர் வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

கடலூர் முதுநகரில் ஞாயிறு மாலை நடக்கும் வாலிபர் வகுப்பில் பல ஆண்டுகளாகப் பாடம் எடுத்து வருகிறேன். 15 வயது முதல் 25 வயது வரை உள்ளவர்கள் வருவார்கள். துறைமுகத்து வீட்டுப் பிள்ளைகள், மஞ்சக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள், புதுச்சேரிக் கல்லூரியிலிருந்து வார இறுதியில் வீடு திரும்புகிறவர்கள் என்று கலவையான கூட்டம். யோசேப்பின் கதையை எடுக்கும்போதெல்லாம் அதே சந்தேகங்கள் வருவதால் அவற்றை ஒரு நோட்டில் குறித்துவைத்தேன். கேட்டவர்கள் கேட்டபடியே தருகிறேன்; பேச்சுவழக்கை மட்டும் எழுத்துக்கு மாற்றியிருக்கிறேன். பதில்கள் என்னுடையவை. எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எந்த யோசேப்பு? நம் சூசையப்பரா?

இல்லை. சூசையப்பர் மரியாளின் கணவர், தச்சர். இவர் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவர். யாக்கோபின் பன்னிரண்டு மகன்களில் பதினோராவது. பெயர்தான் ஒன்று. 'இன்னும் கூட்டித் தருவாராக' என்பது அதன் எபிரேயப் பொருள். நெடுநாள் பிள்ளையில்லாமல் இருந்த தாய் ராகேல், இன்னொரு மகனும் வேண்டும் என்ற ஆசையோடு வைத்த பெயர் அது. வீரமாமுனிவர் தேம்பாவணியில் சூசையப்பருக்கு 'வளன்' என்று பெயரிட்டது இந்தப் பொருளை ஒட்டித்தான். விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்துப் பெரியநாயகி மாதா கோவிலுக்குப் போய் வந்தவர்களுக்கு முனிவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

பரங்கிப்பேட்டை நண்பர்கள் இவரையே யூசுப் நபி என்பார்கள். குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் இவர் பெயரால் அமைந்தது. சில விவரங்கள் வேறுபடும். அங்கே சட்டை பின்புறம் கிழிந்திருப்பது அவர் குற்றமற்றவர் என்பதற்குச் சாட்சியாகிறது, இங்கே அப்படி ஒரு விவரம் இல்லை. இந்தப் பக்கத்தில் பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தை வைத்தே பேசுகிறேன். கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைகள் அதைத் தொடக்க நூல் என்பார்கள்.

கதையே தெரியாது. சுருக்கமாகச் சொல்லுங்கள்.

யோசேப்பு தகப்பனின் செல்லப்பிள்ளை. 17 வயதில், தன் முன்னே அண்ணன்மார் வணங்குவதாக இரண்டு கனவுகள் கண்டான். இரண்டையும் அவர்களிடமே சொன்னான். அவர்கள் அவனைக் குழியில் தள்ளினார்கள். அவன் 20 வெள்ளிக்காசுக்கு வணிகர் கையில் விற்கப்பட்டான். அவனுடைய அங்கியை ஆட்டு இரத்தத்தில் தோய்த்துத் தகப்பனுக்கு அனுப்பிவைத்தார்கள். எகிப்தில் போத்திபார் என்ற அதிகாரி வீட்டில் அடிமையானான். எஜமானி தன்னோடு உறவுகொள்ள அழைத்தாள்; அவன் மறுத்து ஓடினான், அவளுடைய பொய்ப் புகாரால் சிறைக்குப் போனான். சிறையில் இரண்டு பேரின் கனவுக்குப் பொருள் சொன்னதால், பின்னாளில் எகிப்தின் ராஜாவான பார்வோன் கனவுக்கும் பொருள் சொல்ல அழைக்கப்பட்டான். ஏழு ஆண்டு நல்ல விளைச்சல், அடுத்த ஏழு ஆண்டு பஞ்சம் என்று சொன்னான். பார்வோன் அவனையே தேசத்துக்கு அதிகாரியாக்கினான். அப்போது வயது 30. பஞ்சத்தில் தானியம் வாங்க வந்த அண்ணன்களைச் சோதித்துப் பார்த்துவிட்டுத் தன்னை வெளிப்படுத்தினார். குடும்பத்தையே எகிப்துக்கு வரவழைத்துக்கொண்டார். 110 வயதில் இறந்தார்.

அரண்மனைக்குப் போகும்வரை 'அவன்', போன பிறகு 'அவர்' என்று எழுதுகிறேன். பதவி வந்ததும் மரியாதை கொடுக்கிறீர்களே என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்விதான். பழக்கத்தை மாற்ற முடியவில்லை.

எந்த அதிகாரங்களைப் படிக்க வேண்டும்?

ஆதியாகமம் 37, பிறகு 39 முதல் 50 வரை. நடுவில் இருக்கும் 38 யோசேப்பின் அண்ணன் யூதாவைப் பற்றியது. ஞாயிறு பள்ளியில் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டாதீர்கள். யூதா இல்லாமல் கடைசிப் பகுதி புரியாது.

சின்ன வயதில் யோசேப்பு கோள் சொல்லிதானே? அவனைப் போய் எங்களுக்கு முன்மாதிரி என்கிறீர்களே?

இந்தக் கேள்வி வராத ஆண்டே இல்லை. வர வேண்டும். 37ஆம் அதிகாரம் அவனை அறிமுகம் செய்யும்போதே, அண்ணன்கள் செய்த கெட்ட காரியங்களைத் தகப்பனிடம் சொல்லி வந்தான் என்கிறது. அதோடு அந்தக் கனவுகள். முதல் கனவைச் சொன்னதுமே அண்ணன்களுக்கு அவன்மேல் பகை கூடிவிட்டது. அது தெரிந்தும் இரண்டாவதையும் போய்ச் சொன்னான். செல்லம் கொடுத்த தகப்பனே அதட்ட வேண்டியிருந்தது. கெட்டவன் அல்ல, ஆனால் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கத் தெரியாத பையன்.

இந்தப் பையனைச் சிறையில் பாருங்கள். பார்வோனின் பானபாத்திரக்காரனும் ரொட்டி சுடுகிறவனும் ஒரு காலை வாடிய முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். யோசேப்பு வந்து, "இன்று உங்கள் முகம் ஏன் வாடியிருக்கிறது?" என்று கேட்கிறான். அவனும் அங்கே கைதிதான். கேட்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. தன் கனவை ஊருக்கெல்லாம் சொன்னவன், இப்போது அடுத்தவன் கனவைக் காதுகொடுத்துக் கேட்கிறான். பார்வோன் முன் நிற்கும்போதும், பொருள் சொல்வது நான் அல்ல, கடவுள்தான் என்று தொடங்குகிறான். யோசேப்பின் வாழ்க்கையில் ஒரே ஒரு இடத்தைக் காட்டு என்றால், அரண்மனையை விட்டுவிட்டு அந்தச் சிறைக் காலைநேரத்தைத்தான் காட்டுவேன். பிறவியிலேயே நல்லவனாக இருந்திருந்தால் நமக்கு அவனால் என்ன பயன்?

எங்கள் வீட்டிலும் தம்பிக்குத்தான் பைக், எனக்கு பஸ் பாஸ். யாக்கோபு செய்தது சரியா?

சரியில்லை. யாக்கோபு ஒரு பிள்ளைக்கு மட்டும் விசேஷ அங்கி செய்து கொடுத்தார். நம் பழைய மொழிபெயர்ப்பு அதைப் 'பலவருணமான அங்கி' என்கிறது. எபிரேயச் சொல் நீண்ட கை வைத்த அங்கியைக் குறிக்கலாம் என்பாரும் உண்டு. எதுவானாலும், வேலைக்குப் போகிற அண்ணன்கள் கண்முன்னே அது பளிச்சென்று தெரிந்தது. யாக்கோபே ஓரவஞ்சனையால் அடிபட்டு வளர்ந்தவர்: தகப்பனுக்கு அண்ணன் ஏசா செல்லம், தாய்க்கு யாக்கோபு. அதே தவறைத் தன் வீட்டிலும் செய்தார்.

பெற்றோர் இதைப் படித்தால் நன்று. பிள்ளைகளுக்கு நான் சொல்வது: கோபம் நியாயமானதாக இருக்கலாம். ஆனால் அங்கியைக் கொடுத்தவர் தகப்பன். குழியில் விழுந்தது தம்பி. கணக்கைச் சரியான ஆளிடம் கேளுங்கள்.

குழியில் போட்டபோது அவன் அழவே இல்லையா? சும்மா இருந்துவிட்டானா?

37ஆம் அதிகாரத்தில், அண்ணன்கள் பிடித்துக் குழியில் போடும் இடத்தில் அவன் வாயிலிருந்து ஒரு சொல்லும் வராது. ஆனால் ஐந்து அதிகாரம் தள்ளி, 42இல், அண்ணன்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்: அவன் நம்மைக் கெஞ்சினான், அவன் படும் துயரத்தைப் பார்த்தோம், செவிகொடுக்கவில்லையே என்று. கெஞ்சியிருக்கிறான். இருபது ஆண்டு கழித்தும் அந்தக் குரல் அவர்கள் காதில் இருந்திருக்கிறது.

நான் ஒப்பந்தத் தொழிலாளி. அடிமையாக இருந்தாலும் ஒழுங்காக வேலை செய் என்பதுதான் பாடமா?

இப்படிக் கேட்டவர் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து நேராக வகுப்புக்கு வந்திருந்தார். நான் வழக்கமாகச் சொல்லும் பதிலை அன்று சொல்ல வாய் வரவில்லை.

யோசேப்பு போத்திபார் வீட்டில் உண்மையாக வேலை செய்தான், சிறையிலும் செய்தான். அதே நேரத்தில், தனக்கு நடந்தது அநியாயம் என்பதை மறக்கவில்லை, மறைக்கவும் இல்லை. பானபாத்திரக்காரனிடம் தெளிவாகச் சொல்கிறான்: நான் என் தேசத்திலிருந்து களவாகக் கொண்டுவரப்பட்டேன், இங்கேயும் சிறையில் போடும்படியாக ஒன்றும் செய்யவில்லை, பார்வோனிடம் சொல்லி என்னை வெளியே எடு என்று. வேலையில் நேர்மையும் அநியாயத்தைச் சொல்லும் வாயும் ஒரே ஆளிடம் இருந்தன. முதல் பாதியை மட்டும் பிரசங்கிக்கிறவர்களிடம் 40ஆம் அதிகாரத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் கூலி கேட்பது விசுவாசக் குறைவு ஆகாது.

அப்படியானால் சிபாரிசு கேட்கலாமா?

யோசேப்பே கேட்டான். அந்த ஆள் மறந்துபோனான். இரண்டு முழு ஆண்டுகள் போயின. கேட்டது தவறு, அதனால்தான் தண்டனை நீண்டது என்று சிலர் பிரசங்கிப்பார்கள். வேதத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

நண்பர்கள் "சனிக்கிழமை முள்ளோடையைத் தாண்டலாம் வா" என்கிறார்கள். ஓடிவிடு என்றால் கோழை என்பார்களே?

ஊருக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக: முள்ளோடை கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் இருக்கும் எல்லை. அந்தப் பக்கம் மது விலை குறைவு. மற்றதை நான் விளக்க வேண்டாம்.

யோசேப்பு அங்கியை விட்டுவிட்டு ஓடியதைத்தான் எல்லோரும் படமாக வரைகிறார்கள். அதற்கு முந்தைய வரியை யாரும் வரைவதில்லை: எஜமானி நாள்தோறும் கேட்டுக்கொண்டே இருந்தாள், அவன் நாள்தோறும் இணங்கவில்லை. ஓடியது ஒரு நாள்; மறுத்தது பல நாள். மறுத்தபோது காரணத்தையும் சொன்னான். என் எஜமான் என்னை நம்பி எல்லாவற்றையும் ஒப்படைத்திருக்கிறார் என்றான். பிறகு, "நான் இத்தனை பெரிய பொல்லாங்குக்கு உடன்பட்டு, தேவனுக்கு விரோதமாய்ப் பாவம் செய்வது எப்படி" என்றான். ஊர் என்ன சொல்லும் என்பது அவன் சொன்ன காரணங்களில் இல்லை. அவனைத் தெரிந்தவர் யாரும் அங்கே இல்லை, தகப்பன் வரப்போவதில்லை. புதுச்சேரியில் விடுதி அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகளின் நிலைமையும் அதுதான்.

முதல் முறை மறுப்பது கடினம், நாலாவது முறை நண்பர்களே கேட்பதை விட்டுவிடுவார்கள். இது வேதத்தில் இல்லை, என் சொந்த அனுபவம்.

இந்தக் கதையைச் சொல்லியே பெண்கள் புகார் கொடுத்தால் பொய் என்கிறார்கள். இதற்கு என்ன பதில்?

கேட்டவள் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவி. வகுப்பில் ஆண்பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அந்த வீட்டில் அதிகாரம் யார் கையில் இருந்தது என்று பாருங்கள். போத்திபாரின் மனைவி எஜமானி. யோசேப்பு விலைக்கு வாங்கப்பட்ட அடிமை. நாள்தோறும் தொந்தரவுக்கு ஆளானவன் அவன். கடைசியில் யாருடைய பேச்சு எடுபட்டது? அதிகாரம் உள்ளவருடையது. அவன் தரப்பை யாராவது கேட்டதாக ஒரு வரியும் இல்லை. ஆகவே இன்று மேலதிகாரிமேல் புகார் சொல்லும் பெண் இந்தக் கதையில் யோசேப்பின் இடத்தில் நிற்கிறாள். அவளை வாயடைக்க இந்தக் கதையை எடுக்கிறவர்கள் கதையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

நேர்மையாக இருந்தால் யோசேப்பைப் போல பெரிய பதவி கிடைக்குமா? மூன்று முறை அரசுத் தேர்வு எழுதிவிட்டேன்.

கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். மேடையில் சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு. 17இல் விற்கப்பட்டு 30இல் பார்வோன் முன் நின்றான். இடையில் 13 ஆண்டுகள். அந்த 13 ஆண்டுகளில் அவன் நேர்மைக்குக் கிடைத்த பரிசு சிறை. பன்னிரண்டாம் ஆண்டில் கதை நின்றிருந்தால் அவன் நல்லவன் இல்லை என்று ஆகிவிடுமா?

எஜமானியை மறுத்தபோது, பிறகு மந்திரியாவோம் என்று அவனுக்குத் தெரியாது. சிறையில் முகம் வாடியவர்களைக் கேட்டபோதும் தெரியாது (கோள் சொல்லி என்ற கேள்வியின் பதிலைப் பாருங்கள்). நான்காம் முறை தேர்வு எழுதுங்கள், அதற்கிடையே கையில் இருக்கும் வேலையையும் செய்யுங்கள். பதவிக்கும் நேர்மைக்கும் முடிச்சுப் போட்டால், பதவி வராதபோது நேர்மையும் போய்விடும்.

ஐந்தில் ஒரு பங்கு சேமிக்கச் சொன்னாரே, நமக்கு அது பொருந்துமா?

கடற்கரைப் பிள்ளைகளுக்கு மற்ற எல்லாரையும்விட நன்றாகப் பொருந்தும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆண்டுதோறும் தேதி தெரியும், அப்படியும் ஏப்ரல் கடைசியில் வட்டிக்கு வாங்கும் வீடுகள் எத்தனை! பார்வோனுக்குக் கனவு வர வேண்டியிருந்தது. நமக்குக் காலண்டரே போதும். யோசேப்பு விளைச்சல் நன்றாக இருந்த ஏழு ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து அந்தந்த ஊருக்குப் பக்கத்திலேயே சேர்த்துவைத்தார். பஞ்சம் வந்த பிறகு சேமிக்கத் தொடங்கவில்லை. புதிதாகச் சம்பளம் வாங்குகிறவர்களிடம் நான் சொல்வதும் அதுதான்: முதல் மாதத்திலேயே எடுத்துவையுங்கள், கைபேசித் தவணைக்கு முன்னால்.

சேமித்த தானியத்தை விற்று ஜனங்களின் நிலத்தையே வாங்கிக்கொண்டாரே, அது நல்ல குணமா?

47ஆம் அதிகாரத்தைக் கவனமாகப் படித்த பிள்ளைதான் இதைக் கேட்க முடியும். முதலில் பணம் தீர்ந்தது. பிறகு கால்நடைகளைக் கொடுத்தார்கள். பிறகு நிலத்தையும் தங்களையுமே கொடுத்தார்கள். எல்லாம் பார்வோனுக்குச் சொந்தமாயின. அதன்பின் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு வரி. குருக்களின் நிலம் மட்டும் வாங்கப்படவில்லை. யோசேப்பின் மாமனார் ஒரு குரு என்பதை நானாகக் கவனித்தேன். அதற்குமேல் சொல்ல மாட்டேன்.

ஆதரித்துப் பேசுகிறவர்கள், ஜனங்களே "எங்கள் உயிரைக் காப்பாற்றினீர்" என்று சொன்னதைக் காட்டுவார்கள். உண்மைதான், சொன்னார்கள். பசியில் இருப்பவன் என்னதான் சொல்ல மாட்டான்? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததைச் சிறுவயதில் பார்த்த ஒருவன் இந்தக் கேள்வியை இப்படித்தான் கேட்டான்: "விழுந்து கிடப்பவனிடம் நிலத்தை விலைபேசலாமா?" பேசக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். யோசேப்பு உயிர்களைக் காத்தார். அதே கையால் ஓர் அரசனிடம் எல்லா அதிகாரத்தையும் குவித்தும் கொடுத்தார். அடுத்த நூலான யாத்திராகமத்தின் தொடக்கத்தில், யோசேப்பை அறியாத வேறொரு ராஜா வந்து அவருடைய சந்ததியாரையே கொத்தடிமையாக்குகிறான். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது என் வாசிப்பு. வேதம் நேரடியாக அப்படிச் சொல்லவில்லை.

அண்ணன்களை மன்னித்தவர் ஏன் அவ்வளவு அலைக்கழித்தார்? பழிவாங்கல் இல்லையா அது?

ஒற்றர் என்றார், மூன்று நாள் காவலில் வைத்தார், அண்ணன் சிமியோனைப் பிடித்துவைத்துக்கொண்டார், தம்பி பென்யமீனைத் திருடனாக மாட்டவைக்க அவன் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை வைக்கச் சொன்னார். கொஞ்சம் பழிவாங்கலும் கலந்திருக்கலாம்; மனிதர்தானே. ஆனால் அவர் அடிக்கடி தனியே போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருகிறார். பழிவாங்குகிறவன் அப்படி அழுவானா?

அவர் தேடியது ஒரு விடையை. தகப்பனின் இன்னொரு செல்லப்பிள்ளையான பென்யமீன் மாட்டிக்கொண்டால், இவர்கள் அவனையும் விட்டுவிட்டுப் போவார்களா? அன்று "விற்றுவிடுவோம்" என்று யோசனை சொன்ன அதே யூதா இப்போது முன்னே வந்து, பையனுக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள்ளும் என்கிறான். 38ஆம் அதிகாரத்தைத் தாண்டாதீர்கள் என்றது இதற்காகத்தான். அங்கேதான் யூதா முதன்முதலாகத் தன் தவறை வாய்விட்டு ஒத்துக்கொள்கிறான்.

சொத்துத் தகராறில் ஏமாந்த வீட்டுப் பிள்ளைகள், சித்தப்பாவை மன்னித்துவிட்டால் மறுபடி பத்திரத்தை அவர் கையில் கொடுக்க வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். மன்னிப்பை இன்றே கொடுக்கலாம். நம்பிக்கை, ஆள் மாறியிருக்கிறாரா என்று பார்த்துத் தர வேண்டியது. யோசேப்பு பார்த்தார்.

தகப்பன் இறந்த பிறகு அண்ணன்கள் மறுபடி பயந்தது ஏன்?

குற்றவுணர்வு அவ்வளவு சீக்கிரம் போகாது. யாக்கோபு எகிப்தில் 17 ஆண்டுகள் வாழ்ந்து இறந்தார். அத்தனை காலமும் தம்பி போட்ட சோற்றைத் தின்றும் அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. அவர்கள் பயந்து மன்னிப்புக் கேட்டதைக் கேட்டு யோசேப்பு அழுதார். நீங்கள் தீமை நினைத்தீர்கள், கடவுள் அதை நன்மையாக முடித்தார் என்றார். தீமையைத் தீமை என்றே சொன்னார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்; "பரவாயில்லை, ஒன்றும் நடக்கவில்லை" என்று மழுப்பவில்லை.

மந்திரியான பிறகு ஒன்பது ஆண்டு இருந்ததே, அப்பாவுக்கு ஏன் ஓர் ஆளைக்கூட அனுப்பவில்லை?

சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனின் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்கும் ஒரு பெண் கேட்டது. கணக்கு சரி: 30 வயதில் பதவி, ஏழு ஆண்டு விளைச்சல், பஞ்சத்தில் இரண்டு ஆண்டு. மூத்த மகனுக்கு மனாசே என்று பெயர் வைத்து, தகப்பன் வீட்டையெல்லாம் மறக்கும்படி கடவுள் செய்தார் என்று காரணமும் சொல்கிறார். மறந்தவர் அப்படிப் பெயர் வைக்க மாட்டார்.

யோசேப்பின் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள். அன்று அண்ணன்களைப் பார்த்துவரச் சொல்லி அனுப்பியவரே தகப்பன். இரத்தத்தில் தோய்த்த அங்கி யோசேப்புக்குத் தெரியாது. அப்பா ஏன் என்னைத் தேடி வரவில்லை, அவரும் இதற்கு உடந்தையா என்ற எண்ணம் அந்த 22 ஆண்டுகளில் வந்திருக்காதா? 44ஆம் அதிகாரத்தில் யூதா பேசும்போது, அந்தப் பிள்ளையைக் காட்டு மிருகம் பீறிப்போட்டது என்றே தகப்பன் நம்பியிருந்தார் என்பது முதன்முறையாக யோசேப்பின் காதில் விழுகிறது. அந்தப் பேச்சு முடிந்ததும் அவரால் அடக்க முடியவில்லை. எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, எகிப்தியர் கேட்கும்படி சத்தமிட்டு அழுகிறார். "நான் யோசேப்பு" என்று சொன்ன மூச்சிலேயே, "என் தகப்பனார் இன்னும் உயிரோடே இருக்கிறாரா" என்று கேட்கிறார்.

என்னோடு பாடம் எடுக்கும் அக்கா இந்த விளக்கத்தை ஏற்பதில்லை. பதவி வந்தால் வீட்டை மறப்பார்கள், பஞ்சம் வந்ததால் நினைவு வந்தது, அவ்வளவுதான் தம்பி என்பார். நாங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை.